நாற்பத்தேழாம் நோயாளி

நவம்பர் 10, திங்கள்

ஜனவரியில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன டைரி இது. பத்து மாதம் மேசைக் கால் ஆடாமல் இருக்க உதவியது. இன்று மேசையை ஆட விட்டுவிட்டு டைரியை எடுத்துவிட்டேன். காரணம், எதிர் வரிசையில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ரிஸ்வானா.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, உடுமலை மருத்துவர்கள் கூட்டம். பேச்சின் தலைப்பு: மழைக்கால ஃப்ளூவுக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தேவையா? தேவை என்று ரிஸ்வானா பேசுவார். தேவையில்லை என்று நான். முப்பது வயதுக்கும் அறுபத்திரண்டு வயதுக்கும் போட்டி என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ரிஸ்வானா வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. காய்ச்சல், இருமல், உடம்புவலி என்று யார் போனாலும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுகிறார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள், மொத்தம் பத்து. ஊர் அவருக்குப் ‘பத்து மாத்திரை டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டது. எனக்கு என்ன பெயர் என்று நான் விசாரித்ததில்லை.

என் கட்சி சுலபமானது. ஃப்ளூ தானாக வருகிறது, தானாகப் போகும். இந்த மாத்திரை அதை ஒரு நாள் முன்னதாக வழியனுப்பும், போகிற போக்கில் வாந்தியையும் கொடுக்கும். முப்பத்து நான்கு வருஷமாகக் கஞ்சி, வெந்நீர், பாரசிட்டமால், ஓய்வு. யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் வாயால் சொன்னால் இந்தக் காலத்து டாக்டர்கள் நம்புவதில்லை. எண்ணிக்கை கேட்கிறார்கள். எனவே இன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு ஃப்ளூ நோயாளியையும் வரிசை எண் போட்டு எழுதுகிறேன்: காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் வந்தார், எப்போது காய்ச்சல் விட்டது.

இன்று ஒன்பது பேர். நல்ல மழை.

என் மனைவி சுலோவுக்கு ஆக்ஸிஜன் 97.

நவம்பர் 12, புதன்

பதினாறு பேர் ஆகிவிட்டார்கள். அதில் பதின்மூன்று பேர் மூன்றாம் நாள் வந்தவர்கள். இது இந்த ஊரின் சட்டம். முதல் நாள் வீட்டில் மிளகு ரசம். இரண்டாம் நாள் மருந்துக்கடை அங்கமுத்துவிடம் வாய்வார்த்தையாக இரண்டு மாத்திரை. மூன்றாம் நாள்தான் டாக்டர். அதற்கு முன்னால் வந்தால் பயந்தாங்கொள்ளி என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

வைரஸ் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் உருப்படியாக வேலை செய்யும். அதையும் ரிஸ்வானாவுக்கு எதிராகக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வருகிற ஊருக்கு இரண்டு நாள் மருந்து எதற்கு?

புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டுமாம். படித்திருக்கிறேன். தெரியும்.

சுலோ 97. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மழையில், இதே காய்ச்சலில், அவளுக்கு மூச்சு முட்டிக் கோயமுத்தூரில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஒன்பது நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது இந்தக் கணக்கில் சேராது.

நவம்பர் 15, சனி

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கிடுபதி, நோயாளி எண் 11, இன்று தெம்பாக வந்தார். புதன்கிழமை மூன்றாம் நாள் காய்ச்சலில் வந்தவர். வியாழனே காய்ச்சல் விட்டுவிட்டது.

“உங்க கைராசிங்க டாக்டரு. நீங்க தொட்டுப் பாத்தாலே பாதி போயிருதுங்க.”

“வேற எதாவது தொந்தரவு உண்டா?”

“ரெண்டு நாளா ஒரே கொமட்டலுங்க. மத்தபடி ஒண்ணுமில்லீங்க.”

காய்ச்சலில் குமட்டல் சகஜம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அவசரமாகத் தலையாட்டினார். நல்ல மனிதர்.

சுலோ 97. “தெனமும் என்ர வெரல்ல அந்தக் கிளிப்ப மாட்டி என்னதான் பாக்கறீங்க?” என்று கேட்டாள். மிஷின் பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வைரஸ் மாத்திரையை விற்றால் யார் எழுதினார், யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனி நோட்டில் பதிய வேண்டும். சட்டம். ரிஸ்வானா எத்தனை பேருக்கு எழுதுகிறார் என்று பார்க்க அந்த நோட்டைக் கேட்டேன். அங்கமுத்து இருபது வருஷமாக என் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர். எது கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் எடுத்து நீட்டுகிறவர்.

“அந்த நோட்டுங்களா? மழையில நனஞ்சுபோச்சுங்க. காய வெச்சிருக்கறனுங்க.”

கடைக்குள் எங்கே மழை பெய்தது என்று தெரியவில்லை.

அந்த நேரம் ரிஸ்வானாவே குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வணக்கம் சொன்னார். “சார், உங்ககிட்ட பெரிய கணக்கு ரெடியாகுதுன்னு கேள்விப்பட்டேன்.”

“சின்னக் கணக்குதானுங்க.”

“எனக்குப் பயமா இருக்கு சார்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மரியாதையான பெண்தான். மருத்துவம்தான் சரியில்லை.

சுலோ 97.

நவம்பர் 20, வியாழன்

சுலோ நான்கு தடவை தும்மினாள். மிளகாய் தாளித்த நெடி. 97.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் சுலோவுக்கு 101 காய்ச்சல். உடம்புவலி. வறட்டு இருமல். ஆக்ஸிஜன் 96. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன், இழுப்பு இல்லை. எட்டு மணிக்குக் கேட்டேன். எட்டே காலுக்கு இன்னொரு தடவை கேட்டேன்.

சாதாரண மழைக்காலச் சளி. பத்து மாத்திரையைப் பற்றி நான் நினைக்கவில்லை.

நினைத்தாலும் எப்படி வாங்குவது? அங்கமுத்து அந்த நனைந்த நோட்டில் எழுதியாக வேண்டும்: மருத்துவர் தெய்வசிகாமணி, நோயாளி சுலோச்சனா. சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் கஞ்சி, தன் வீட்டுக்கு மாத்திரை என்பார்கள். நாளைக் காலை வரை பார்ப்போம். ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?

பத்திலிருந்து இரண்டு வரை கீழே நோயாளிகளைப் பார்த்தேன். இருபத்தொரு பேர். நடுவில் மூன்று தடவை மாடிக்குப் போக எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குப் போனபோது சுலோ படுத்திருந்தாள். வாசலில் அவள் செருப்பு ஈரமாக இருந்தது. கேட்டேன். கொடியில் கிடந்த துணியை எடுத்தாளாம். இந்தக் காய்ச்சலில் துணி எடுக்காவிட்டால் என்ன என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். பேசாமல் கேட்டுக்கொண்டாள். அதுவே அதிசயம்.

இரவு எட்டு மணிக்குச் சரியாக இரண்டு இட்லி சாப்பிட்டாள். 96.

நவம்பர் 22, சனி

காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் 101. சீட்டை எடுத்து அவள் பெயரை எழுதினேன். வயது 58 என்று எழுதினேன். மருந்தின் பெயரையும் எழுதினேன். கையெழுத்துப் போடப் போகும்போது அவளே எழுந்து வந்து, பசிக்கிறது, தோசை வார்க்கட்டுமா என்றாள். காய்ச்சலில் பசிக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு? சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டு மணிக்கே தோசை சாப்பிட்டுவிட்டாள். முப்பது வருஷமாக ஒன்பதரைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். ஒன்பது மணிக்குக் குமட்டல் என்று எலுமிச்சை முகர்ந்தாள். காய்ச்சலில் சகஜம்.

சாயங்காலம் 100. ஆக்ஸிஜன் 96.

நவம்பர் 23, ஞாயிறு

99. ஆக்ஸிஜன் 97. நெஞ்சு சுத்தம். என் அழுக்குச் சட்டைகளையெல்லாம் அள்ளித் துவைக்கப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

நவம்பர் 24, திங்கள்

காய்ச்சல் இல்லை. ஆக்ஸிஜன் 98.

98. இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தேன். 98தான்.

கணக்கில் சேர்த்தேன். நோயாளி எண் 47. பெண், 58, பல வருஷ ஆஸ்துமா. மாத்திரை: இல்லை. மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது, மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லை. புத்தகம் யாருக்குக் கட்டாயம் கொடு என்கிறதோ, அவருக்கே கொடுக்காமல் குணம். இதைவிட ஒரு சான்று யாரிடம் இருக்கிறது? கூட்டத்தில் இதைக் கடைசியில் வைக்க வேண்டும். பாயசம் மாதிரி.

சந்தோஷத்தில் இன்று நோயாளிகளுடன் நிறையப் பேசிவிட்டேன். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு.

நவம்பர் 26, புதன்

சுலோ மறுபடியும் ஒன்பதரைக்குச் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். 98.

நவம்பர் 29, சனி

எண்பத்தொரு பேர். கூட்டி வகுத்தால் என் நோயாளிகளுக்குக் காய்ச்சல் சராசரியாக நான்கு நாளில் விடுகிறது. ஏழு நாள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் கஞ்சிக்கு இவ்வளவு சக்தி என்று எனக்கே தெரியாமல் போயிற்றே.

மருந்துக்கடையில் ரிஸ்வானாவைப் பார்த்தேன். “மேடத்துக்கு வீசிங் எதுவும் வரலதானே சார்?” என்றார். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அங்கமுத்து அதற்குள் இரண்டு தடவை இருமிவிட்டுப் பரணில் எதையோ தேடினார்.

சுலோவுக்குக் காய்ச்சல் வந்தது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? சின்ன ஊர். எதுதான் தெரியாமல் இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

பேச்சை எழுதி முடித்தேன். சாயங்காலம் காபி குடிக்கும்போது சுலோவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழாம் நோயாளி வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

“ஏனுங்க, அந்தக் கணக்குல என்னைய மட்டும் எடுத்துருங்க.”

“பேரெல்லாம் சொல்ல மாட்டேன். எண் மட்டும்தான்.”

“பேருக்காவச் சொல்லலீங்க. நான் மாத்திர தின்னுட்டனுங்க.”

“என்ன மாத்திரை?”

“பத்து மாத்திரதானுங்க.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“நீங்க கீழ ஆளுகளப் பாத்துட்டு இருந்தப்ப கொடையப் புடிச்சுட்டு ரோட்டுக்கு அக்கட்டால போனனுங்க. பதினாலாம் டோக்கனு. அந்த டாக்டர் புள்ள, நெஞ்சுல கொழா வெச்சுப் பாத்துட்டு, ‘மொத நாளே வந்தீங்க பாருங்க, நல்லது’ன்னு சொல்லுச்சுங்க. எட்டுக்கு எட்டு, எதாவது சாப்புட்டுட்டுத்தான் போடோணும்னுச்சு. பத்தும் போட்டு முடிச்சனுங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க வேண்டாம்பீங்க. இல்லாட்டிக் குடுத்துப்போட்டு, கூட்டத்துல தலையக் குனிஞ்சுட்டு நிப்பீங்க. ரெண்டும் எனக்குப் புடிக்கலீங்க.”

உள்ளே போய் ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருந்ததாம். அவள் பெயர், வயது, மருந்தின் பெயர். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. பயம்தான் கடைசி வரை இருந்தது. நான் பார்ப்போம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தது இன்னொருவர் மனைவியின் மூச்சை வைத்து இல்லை. கோயமுத்தூரில் மூன்று நாள் அவள் முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். அவள் மாத்திரை இல்லாமலும் தேறியிருக்கலாம். தேறாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அவளையா பணயம் வைப்பது?

“இன்னொண்ணுங்க,” என்றாள். “நான் மட்டுமில்லீங்க. அங்க வரிசையில பாதி உங்க ஆளுகதான். என்னையப் பாத்ததும் அல்லாரும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. நானும் திரும்பிட்டனுங்க.”

டிசம்பர் 4, வியாழன்

கடை திறந்ததும் போய் அங்கமுத்துவின் முன்னால் நின்றேன். “நோட்டுக் காஞ்சிருச்சா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்து வைத்தார். ஒரு பக்கம்கூட நனைந்திருக்கவில்லை.

என் வரிசையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் அந்த நோட்டில் இருக்கிறார்கள். வெங்கிடுபதி என்னிடம் வந்ததற்கு முந்தின நாளே ரிஸ்வானாவிடம் போயிருக்கிறார். மாத்திரையை அங்கே வாங்கிக்கொண்டு, மறுநாள் என்னிடம் வந்து நாடியைக் கொடுத்திருக்கிறார். மாத்திரை இல்லாமல் குணமானவர்கள் என்ற என் வரிசையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாத்திரை தின்றவர்கள்.

“ஏன் அங்கமுத்து, ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலியே?”

“எப்படிங்க சொல்றது? முப்பது வருசமாப் பாத்தவரு நீங்க. வேற டாக்டர்கிட்டப் போனம்னு தெரிஞ்சா உங்க மனசு நொந்துருமுங்க. உங்ககிட்ட வராம இருந்தாலும் நொந்துருமுங்க. அதனால ரெண்டு பக்கமும் வந்துட்டுப் போறாங்க.”

என் கணக்கை எந்த எதிரியும் கெடுக்கவில்லை. ஊர் எனக்குக் கொடுத்த மரியாதை கெடுத்துவிட்டது.

நவம்பர் 21-ஆம் தேதிப் பக்கத்தில் சுலோச்சனா, 58, என்று இருந்தது. பக்கத்தில் நேரமும் போட்டிருந்தார், 11.20. அந்த நேரம் நான் கீழே யாரோ ஒருவருக்கு, அந்த மாத்திரை தண்டம் என்று விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கூட்டம். எழுதிய பேச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். எழுந்து நின்று, என் கணக்கு செல்லாது என்றேன். ஏன் செல்லாது என்றும் சொன்னேன். நாற்பத்தேழாம் நோயாளி என் மனைவி என்பதையும் மறைக்கவில்லை. முதலில் செயலாளர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு சிரிப்பு வாங்குவது உடம்புக்கு நல்லதுதான்.

அடுத்து ரிஸ்வானா எழுந்தார். எகத்தாளமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“என் கணக்கும் சரியில்ல சார். நான் எழுதினதுல பாதிக்கு மேல மூணாம் நாள், நாலாம் நாள் வந்தவங்க. நல்ல தெம்பா இருக்கிற ஆளுங்க. அவங்களுக்கு வாந்திதான் மிச்சம். எழுதலன்னா ‘ஒண்ணுமே கொடுக்கல’ன்னு சொல்லிடுவாங்கன்னு எழுதினேன். மொத நாளே வந்த ஆஸ்துமாக்காரங்க, கர்ப்பிணிங்க, இவங்க ரொம்பக் கொஞ்சம். யாருக்கு அவசியமோ அவங்கதான் மூணு நாள் வீட்ல பொறுத்துக்கிட்டு வர்றாங்க.”

நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அவர் எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டு பேருமே நோயாளியைப் பார்க்கவில்லை என்று வீடு திரும்பும்போது தோன்றியது. காரில் அவரும் கூட வந்தார். இரண்டு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரே போர்டு வைப்பதாக முடிவு: ஆஸ்துமா, கர்ப்பம், சர்க்கரை, அறுபதைத் தாண்டிய வயது, இதில் எது இருந்தாலும் காய்ச்சல் வந்த முதல் நாளே வாருங்கள். மற்றவர்கள் கஞ்சி குடியுங்கள், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள்.

கஞ்சி வரி நான் கேட்டுச் சேர்த்தது.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் எனக்கே 100 காய்ச்சல். தொண்டை கரகரப்பு. ஒரு நாள் பார்ப்போம் என்று படுத்தேன்.

சுலோ கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் குடை. “உங்களுக்கு எத்தன வயசுங்க?”

“அறுபத்திரண்டு.”

“போர்டுல என்னங்க எழுதியிருக்குது?”

எழுந்து ரிஸ்வானாவின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பதாம் டோக்கன். உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்த என் நோயாளிகள் ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். வெங்கிடுபதி, பேத்தியின் மாஸ்க்கை வாங்கித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார்.

“பரவால்லீங்க, இப்படித் திரும்புங்க. நானும் டோக்கன் வாங்கியிருக்கறேன்,” என்றேன். வெங்கிடுபதி எழுந்து இடம் கொடுத்தார். முறைப்படி காத்திருந்து, முறைப்படி சீட்டு வாங்கினேன். அங்கமுத்து நோட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் நேரமும் போட்டார்.

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டு முதல் மாத்திரையைப் போட்டேன். சுலோ அந்தக் கிளிப்பை எடுத்து என் விரலில் மாட்டினாள். 97 காட்டியது. டைரியைக் கேட்டாள்.

“உனக்கெதுக்கு?”

“எழுதி வெக்கத்தானுங்க. தெனமும் என்ரத எழுதி வெச்சிருக்கறீங்களே.”

“அதை எப்பப் பார்த்தே?”

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்பதானுங்க. நீங்க கீழ போனதும் எடுத்துப் பாத்தேன். மொத நாள்லருந்து நீங்க எழுதுன ஒரு நாளு பாக்கியில்லாம என்ர நம்பரு இருந்துச்சு. இந்த மனுசன் இவ்வளவு பயந்துட்டு இருக்கறாரு, வாயத் தொறந்து சொல்லவும் முடியலையேன்னு நெனச்சனுங்க. அதப் பாத்துப்போட்டுத்தான் கொடைய எடுத்தேன்.”

பேனாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இனி ஐந்து நாளைக்கு அவள் எழுதட்டும்.

அவருக்கு 97. காய்ச்சல் 100. மொத நாளு.